வளையத்தைத் திருப்பியவர்

யார் தயவும் இல்லாமல், மூன்றாம் வகுப்போடு நின்று, மூன்று லோரிக்கு முதலாளியானவன் நான். பிரிஞ்சாங் ஊரில் உள்ள என் கடையில் மாட்டுவதற்காக, பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

படக்காரர் ஒல்லியானவர். பேசும்போதும் பழைய லென்ஸின் வளையத்தை விரலால் திருப்பிக்கொண்டே இருப்பார்.

"இருட்டுது, ஃபிளாஷ் போடுங்க லா" என்றேன்.

"வேணாங்க முதலாளி. இது அந்தியிலயும் நல்லா பாக்கும். ஆனா தானா ஃபோக்கஸ் பண்ணாது. நான் யாரப் பாத்துத் திருப்புறேனோ, அவங்க மட்டுந்தான் தெளிவா விழுவாங்க."

படத்தில் நான் வெறும் புகை. எனக்குப் பின்னால், யாருமே இல்லாதிருந்த சரிவில், கூடை சுமந்த என் அம்மா அத்தனை தெளிவு. அவள் செத்தபோது நான் சிறு பையன்.

அந்தப் படத்தையே மாட்டியிருக்கிறேன். எவனுக்கும் அஞ்சாத நான், அந்தப் படக்காரரிடம் மட்டும், யாரைப் பார்த்துத் திருப்பினார் என்று இன்னும் கேட்கவில்லை.