எட்டு ஆண்டெனாவும் மூன்று எழுத்தும்

அந்த மூன்று எழுத்துகளையும் நான் காதால் கேட்டுத்தான் எழுதினேனா? ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் கேட்டதாகத் தோன்றும். பாத்திரம் கழுவும்போது கேட்கவில்லை என்று தோன்றும். மகளைத் தூங்கவைக்கும்போது இரண்டும் மாறிமாறித் தோன்றி, கடைசியில் அவள் தூங்கிவிடுவாள், நான் விழித்திருப்பேன்.

என் கணவர் இயற்பியல் படித்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பார்ப்பவர். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறார். அதாவது, தானே ஒரு பெட்டி செய்து, உலகத்தில் எங்கோ தானே பெட்டி செய்துகொண்ட இன்னொருவரிடம் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று விசாரிப்பதற்கு அரசாங்கம் தரும் அனுமதி. கல்யாணம் பேசும்போது, "பையனுக்குக் குடி, சீட்டு ஒன்றும் கிடையாது, ரேடியோ மட்டும்தான்" என்றார்கள். பாட்டுக் கேட்பார்போல என்று நினைத்தேன். கல்யாணமான முதல் வருடம் என் வயதுப் பெண்கள் எல்லாம் சித்தூர் கொட்டகையில் படம் பார்த்தார்கள். நான் மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு படித்தேன். நன்றாகவே படித்தேன். எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவது என் சுபாவம்.

மகள் பிறந்த வருடம் அவருக்கு நிலாமேல் ஆசை வந்தது. வானொலி அலையை நிலாவை நோக்கி அனுப்பினால் அது பட்டுத் திரும்பி வருமாம். போய்வர இரண்டரை நொடி. ஆனால் வரும்போது அலையில் உயிரே இருக்காது. அதைப் பிடிக்க ஓர் ஆண்டெனா போதாது. எட்டு வேண்டும், எட்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான குழாய்கள், ஒவ்வொன்றிலும் மீன் முள்ளைப்போலக் குறுக்கே அலுமினியக் கம்பிகள். எட்டுக்கும் போகும் கேபிள்கள் இம்மி பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்றார். என் தையல் டேப்பால் கூடத்துத் தரையில் நான்தான் அளந்து வெட்டினேன். அவர் மறுபடி அளந்து பார்த்தார். அவர் அளந்தது சரிதானா என்று நான் இன்னொரு முறை அளந்தேன்.

எல்லாவற்றையும் நிறுத்த எங்களிடம் இருந்த ஒரே சமதளம் நெல்லடிக்கும் களம். பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தைப் படுக்கவைத்து அதன் நடுவில் கம்பம் நட்டார். சக்கரத்தைத் தள்ளினால் எட்டும் கிழக்கு மேற்காகத் திரும்பும். கிணற்று உருளையில் கயிறு போட்டு இழுத்தால் மேலும் கீழும் சாயும். நிலா நகர நகர நாமும் நகர்த்த வேண்டும். அதுவும் பெரும்பாலும் பகலில், வானத்தில் வெளுத்துக் கிடக்கும் நிலாவை.

வயலில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏனுங் அம்மிணி, பட்டப்பகல்ல எதுக்குங்க நெலாவத் தேடறாரு? பொழுது சாஞ்சா அதுவே வருமல்லங்க?"

"அவருக்கு வேலை இருக்குதுங்க அக்கா."

"அதச் சொல்லுங்க. வேல இருக்கறவருதான் தேடுவாரு."

எனக்கு நிலாவைப் பற்றிக் கவலை இல்லை. காற்றைப் பற்றித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது எங்கள் வீடு. மார்கழியில் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில் போய் எடுத்துவர வேண்டும். அந்தக் காற்றில் எட்டு ஆண்டெனா! ஒருநாள் மத்தியானம் ஒரு கம்பி கழன்று பறந்து வைக்கோல் போரில் செங்குத்தாகக் குத்தி நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு என் மகள் அந்த வைக்கோலை உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அரிசிப் பானை என்று தெரியவில்லை. அன்று முதல் தினமும் விடிந்ததும் ஸ்பேனரோடு போய் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஆர்வம் வந்துவிட்டதாகத் தம் நண்பர்களுக்கு எழுதினார்.

மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, களம் வேண்டும். தை அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நெலா எத்தன மைலுன்னு கணக்கு வெச்சிருக்கறயே, அறுப்புக்கு எத்தன நாளுன்னு கணக்கு வெச்சிருக்கறயா?"

"இன்னொரு வாட்டி மட்டும் பாத்தர்றனுங்க அப்பா. சத்தம் ஒண்ணும் வர்லீன்னா நானே பிரிச்சர்றேன்."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா இருக்கட்டுமுங்க."

மாமா யோசித்தார். "செரி. வந்துச்சுன்னா இருக்கட்டும். நெல்லப் பெரியப்பன் களத்துல அடிச்சுக்கலாம். வர்லீன்னா அடுத்த நாளே களம் காலியாகோணும்." வராது என்று அவர் நிச்சயமாக நம்பினார். நானும்தான். வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் தபால்காரர் வந்தார். "கத்து வந்திருக்கு சேச்சி, சீமைலேர்ந்து" என்று ஒரு கார்டை நீட்டினார். கத்து என்றால் மலையாளத்தில் கடிதம். ஐரோப்பாவில் மிகப் பெரிய ஆண்டெனா வைத்திருக்கும் ஒருவர் அனுப்பியது. தேய்பிறையில் இன்ன நாள், இன்ன நேரத்தில் நிலாவை நோக்கித் தம் நிலையப் பெயரைத் திரும்பத் திரும்ப அனுப்பப்போகிறார், கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். இந்த ரேடியோக்காரர்களின் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலையப் பெயரைக் கல்யாணப் பந்தல் பலகைபோலக் கார்டு முழுக்கச் சிவப்பில் அச்சடித்திருப்பார்கள். நான்கு எழுத்து, நடுவில் ஓர் எண், அதையும் எழுத்தாகச் சேர்த்தால் ஐந்து. அதைப் பார்க்காமல் அந்தக் கார்டைக் கையில் வாங்கவே முடியாது.

சாயங்காலம் கார்டைக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "நீ இதப் படிக்கலியே?"

கணவருக்கு வந்த கடிதத்தை அனுமதியில்லாமல் படித்தேனா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வளர்த்த விதம் அப்படி. "இல்லீங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "அப்ப நீதான் கேக்கோணும். என்ன வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச காது பொய் சொல்லும். உனக்குத் தெரியாது. போதாததுக்கு, பாப்பா மூணாவது ரூம்ல பொரண்டா உனக்குக் கேக்குது."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் ஏன் இல்லை என்றேன் என்று கேட்பார். அதற்குப் பதில் யோசிப்பதற்குள் அவர் வெளியே போய்விட்டார். கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டும் போனார், நான் தற்செயலாகப் பார்த்துவிடக் கூடாதென்று.

குறித்த நாள் காலை எட்டரைக்கு மகளை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விட்டுவிட்டுக் களத்தோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காதில் ஹெட்ஃபோன், மடியில் நோட்டு. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். மேற்கே அரை நிலா, தண்ணீரில் கரைத்த சுண்ணாம்புபோல. மாமா கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். அறுப்புக்கு ஆள் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஹெட்ஃபோனில் இரைச்சல். அரிசி களைவதுபோல ஒரே இரைச்சல். பத்து நிமிடம். இருபது நிமிடம். அவர் சக்கரத்தைத் தள்ளுவார், என் முகத்தைப் பார்ப்பார், மறுபடி தள்ளுவார். ஒரு வருட வேலை அது. அவர் கைகளில் கயிறு அறுத்த சிவப்பு தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடினேன்.

அப்போது இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. பலமாக இல்லை. வேறொரு அறையில் யாரோ புரண்டு படுப்பதுபோல. நெடில், குறில், குறில். என் பென்சில் எழுதியது. முதல் எழுத்து. பிறகு ஒன்றுமில்லை. பிறகு அந்த எண். பிறகு கடைசி எழுத்து. இரண்டு இடத்தைக் காலியாக விட்டேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம். பொய்யாக எழுதுபவள் இரண்டு இடத்தைக் காலியாக விடுவாளா? நம்பும்படி இருக்கட்டும் என்று விடுவாள்தானே?

அவர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். பீரோவுக்கு ஓடினார். கார்டோடு திரும்பி வந்தார். நோட்டையும் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். எட்டு ஆண்டெனாவும் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தன.

மாமா எழுந்து வந்தார். "அம்மிணி, கேட்டுச்சா?"

"கேட்ட மாதிரி இருந்துச்சுங்க மாமா."

"மாதிரின்னா?"

அவர் முந்திக்கொண்டார்: "நெலாச் சத்தமே அப்படித்தானுங்க அப்பா. மாதிரிதான் இருக்கும்."

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர். நெல் பெரியப்பன் களத்துக்குப் போனது. அத்தை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாச்சும் கேக்கலைன்னு சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?" என்றார்.

ஐரோப்பாக்காரருக்கு அறிக்கை எழுதினோம். பதில் கார்டு வந்தது. அன்று தம் கருவியில் கோளாறு, பாதிச் சக்தியில்தான் அனுப்ப முடிந்தது, அதையும் மீறிக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் துணைவியாரின் காது அசாத்தியமானது என்று எழுதியிருந்தார். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் என் கணவர். வருகிறவர்களுக்கு மாமாவே அதைக் காட்டி, "எங்க மருமக காது" என்கிறார்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். இப்போது எட்டைப் பதினாறாக்கப்போகிறார். களம் போதாது. புதுக் கம்பத்துக்கு, குழந்தை மண்ணில் விளையாடும் கொல்லை வாசலில் இடம் குறித்திருக்கிறார். வரும் வாரம் குழி தோண்டி கான்கிரீட் போட ஆள் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உன் காத நம்பித்தான் இத்தன பெருசாப் பண்றேன்" என்கிறார். கம்பி பறந்து வந்ததைச் சொன்னேன். "நீதான் தெனமும் முறுக்கறயே" என்கிறார்.

கார்டை அன்றே பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குழி நின்றுவிடும். மகள் பயமில்லாமல் விளையாடுவாள். ஆனால் அன்று நான் கேட்டது நிஜமாக இருந்தால்? அவர் செய்ததிலேயே பெரிய காரியத்தை என் வாயாலேயே பொய்யாக்கியவள் ஆவேன். பொய்யாக இருந்தால், ஒரு வருடமாக அவரைச் சிரிப்புக்கு இடமாக்கி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகள், குறிப்பாகக் குழந்தை பெற்று, கணவருடைய ஆசையையும் கூடவே வளர்த்தவர்கள், சொல்லுங்கள்: கான்கிரீட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாமா? சொல்வதென்றால் முதலில் அவரிடமா, மாமாவிடமா? சீக்கிரம் எழுதினால் உதவியாக இருக்கும். என் பெயரைப் போடவில்லை. ஆனால் களத்தில் எட்டு ஆண்டெனா நிற்கும் வீடு இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் என்பது, இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.