ஒட்டிய உறையைத் திறந்தது யார்?

சென்ற ஆண்டு மார்ச் மாதம். நாமக்கல் அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் துறைத் தலைவர். எங்கள் துறை உதவிப் பேராசிரியர் ஒருவரின் பதவி உயர்வுக்கு ரகசியக் கருத்துரை எழுத வேண்டியிருந்தது. 'உழைப்பு உண்டு, சொந்தச் சிந்தனை குறைவு' என்று மனசாட்சிப்படி எழுதினேன். உறையில் போட்டு ஒட்டி, பதிவாளரிடம் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தின் தற்காலிக ஊழியரான ஒரு பெண்ணிடம் கொடுத்தேன்.

நான்காம் நாள் அந்த உதவிப் பேராசிரியர் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"ஏனுங்க சார், எனக்குச் சொந்தச் சிந்தனை கொறைவுங்களாமா?"

யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாம் உங்க தயவுதானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தினமும் நாட்குறிப்பு எழுதுபவன் நான். புரட்டினேன். அந்தப் பெண் உறையை வாங்கியது 11.40. பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் 12.15. ஐந்து நிமிட நடைக்கு முப்பத்தைந்து நிமிடமா? பதிவாளர் கூட்டத்தில் இருந்தார், மேசையில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றேன் என்றார் அந்தப் பெண். நான் நம்பவில்லை. அவருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் ஒரே ஊர், ஜலகண்டாபுரம் என்பது வேறு உறுத்தியது. அந்தப் பெண்மீது புகார் எழுதினேன். மாதக் கடைசியோடு அவர் வர வேண்டியதில்லை என்று முடிவானது.

அதற்கு இரண்டு நாள் இருந்தது. தேர்வறைக் கண்காணிப்புப் பட்டியலை அச்சிட, வழக்கம்போல் ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்களை எடுத்தேன். ஒன்றைத் திருப்பினால், பிழை பார்க்க அச்சிட்ட என் கருத்துரையின் இரண்டாம் பக்கம். முதல் பக்கம் எங்கே?

உதவிப் பேராசிரியரிடம் போனேன். இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். ஒருபுறம் முந்தைய கண்காணிப்புப் பட்டியல்; மறுபுறம் என் கருத்துரையின் முதல் பக்கம். "நீங்க கையில குடுத்ததுதானுங்க சார்." புகாரும் ரகசியம், அலுவலகத்தைத் தாண்டிப் போகவில்லை என்பதால், அந்தப் பெண்ணின் நிலைமை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் என் பெயர் கெடாது என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. பிறகு பதிவாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. மன்னிப்புக் கேட்க அவரைத் தனியாக அழைத்தேன்.

"தனியாக் கூப்பிட்டுச் சொல்றீங்களே சார். என்னையத் திருடியாட்டம் பாத்தது ஆபீஸ் முழுக்கத்தானுங்க" என்றார்.

எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன்.

இப்போதெல்லாம் என்னிடம் உறை வாங்கும்போது, ஒட்டியிருப்பதை என்னையே தடவிப் பார்க்கச் சொல்கிறார். தன் நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு முறை கையெழுத்திடும்போதும், இது நானே சம்பாதித்த சந்தேகம் என்று தோன்றுகிறது.