நான் வெட்டிய முன்கதை

சில ஆண்டுகளுக்கு முன், கச்சான் காற்று தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாதப் புதன்கிழமை. திருகோணமலை அன்புவழிபுரத்தில் என் வீட்டு விறாந்தையில் காலை ஏழு மணிக்கு இது தொடங்கியது.

பக்கத்து மீனவக் கிராமமான சல்லியிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அவருடைய கணவரும் தகப்பனாரும் முதல் நாள் பிற்பகல் ஒரே படகில் கடலுக்குப் போனவர்கள். விடிந்தும் திரும்பவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை. நான் இருபது வருடமாக ஒரு பத்திரிகையின் பகுதிநேரச் செய்தியாளன். படகு காணாமல் போனால் எந்தெந்த இடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால்தான் என்னிடம் வந்தார்.

கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, மெதுவாகத் தொடங்கினார்.

“முந்தநாள் பின்னேரம் மனுசன்ர மச்சான் ஒராள் வீட்டை வந்தவர் சேர். சம்பூரில இருக்கிறவர். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைக்கேக்க…”

“அதை விடுங்கோ. எத்தினை மணிக்கு வெளிக்கிட்டவை?”

“மூண்டு மணி இருக்கும்.”

“வடக்குப் பக்கம்தானே? இப்ப எல்லாரும் குச்சவெளிக்கு நேரதான் வலை போடுறாங்கள்.”

“ஓம், எல்லாரும் அங்கதான் போறவை. ஆனா இவர்…”

“விளங்குது. பயப்பிடாதையுங்கோ.”

அதைச் சொல்லும்போதே என் விரல் தொலைபேசியில் இலக்கங்களை அழுத்திக்கொண்டிருந்தது.

இது எனக்குத் தொழில் தந்த பழக்கம். செய்தியில் முன்கதைக்கு இடமில்லை. எத்தனை பேர், எப்போது, எங்கே. மிச்சத்தை வெட்டிவிடுவேன். நாளடைவில் எழுத்தில் வெட்டியதைப் பேச்சிலும் வெட்டத் தொடங்கினேன். ஒருவர் பாதி சொல்லும்போதே மீதியை நானே சொல்லி முடிப்பேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் பிழையாகப் போனது. சரியாகச் சொல்லச் சொல்ல, கேட்க வேண்டிய தேவையே இல்லை என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. “கேள்வியும் நீங்களே கேட்டு மறுமொழியும் நீங்களே சொல்லுங்கோ, நான் குசினிக்குப் போறன்” என்று என் மனைவி அடிக்கடி சொல்வார். அதை ஒரு பகிடியாகவே எடுத்திருந்தேன்.

எட்டு மணிக்குள் கடற்படைக்கும் மீனவர் சங்கத்துக்கும் அறிவித்துவிட்டேன். சல்லியிலிருந்து நான்கு படகுகள் வடக்கே போயின. ஒரு சிறு செய்தியும் எழுதி அனுப்பினேன். குச்சவெளிக் கடற்பரப்பில் இருவரைக் காணவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தை எனக்குச் சொன்னவர் யாருமில்லை.

நண்பகலில் அந்தப் பெண் மறுபடி வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. “சேர், நான் காலமை சொல்ல வந்தது…” என்றார். “தேடிக்கொண்டுதான் இருக்கினம். ஒண்டும் நடக்காது, வீட்டை போய்ப் பிள்ளையளைப் பாருங்கோ” என்று அனுப்பிவிட்டேன். ஆறுதல் சொன்னதாகவே நினைத்தேன்.

பிற்பகல் மூன்றரைக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி. அந்தக் கணவரிடம் வழமையாக மீன் எடுப்பவர். எனக்கு முன்பின் பழக்கமில்லை.

“சேர், ஒரு கதை. கோவிக்கப்படாது. அவங்க வடக்கே போகல்ல. சம்பூர்ப் பக்கம் போயிருக்காங்க.”

“ஆர் சொன்னது?”

“அவர்ட வீட்டுத் தங்கச்சிதான் சொன்னா. காலையிலேயே உங்களுட்ட சொல்ல வந்தாவாம். நீங்க அவசரத்துல இருந்தீங்களாம்.”

பிறகுதான் முழுவதும் தெரிந்தது. சம்பூரிலிருந்து வந்த அந்த மச்சான், தங்கள் பக்கத்துக் கடலில் மீன் கூட்டமாகப் படுகிறது என்று சொல்லியிருக்கிறார். மீன் படும் இடத்தை யாரும் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை. கரையில் நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் மாமாவும் மருமகனும் தெற்கே போயிருக்கிறார்கள். அது தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண். நான் வெட்டி எறிந்த முன்கதையில்தான் செய்தி இருந்தது.

அந்த வியாபாரி அவரிடம் என்ன கேட்டார் என்று பின்னொரு நாள் விசாரித்தேன். ஒன்றும் கேட்கவில்லையாம். சல்லிக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் பக்கத்தில் அந்தப் பெண் தனியாக இருப்பதைக் கண்டு, கொஞ்சம் தள்ளித் தானும் இருந்தாராம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தப் பெண் தானாகவே சொல்லத் தொடங்கினாராம்.

சம்பூர்ப் பக்கத்துப் படகுகளுக்குச் சொல்லி அவை புறப்பட நாலரை ஆகிவிட்டது. இருட்டியதும் ஒன்றையும் காணாமல் திரும்பின. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான், இயந்திரம் பழுதான அந்தப் படகை வெளியே தள்ளிக்கொண்டே போயிருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணியளவில், கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அவர்களைக் கண்டெடுத்தார்கள். இருவருக்கும் உயிர் இருந்தது.

தகப்பனாருக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், நீரிழிவு. வெயிலிலும் தண்ணீரில்லாமலும் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இறந்துவிட்டார். புதன்கிழமைப் பகலிலேயே தெற்கே தேடிக் கண்டெடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கத் தயங்காத நான், அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாட்களில் அந்தப் பெண் மறுபடி வந்தார். இயந்திரத்தைத் திருத்த உதவி கேட்டு மீனவர் சங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். நான் பேனையை மேசையில் வைத்தேன். “நீங்க முழுக்கச் சொல்லுங்கோ. பிறகு எழுதுவம்” என்றேன்.

மச்சான் வந்த பின்னேரத்திலிருந்து அவர் தொடங்கினார். இடையில் நீண்ட நேரம் நிறுத்தினார். இரண்டு தடவை என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீதியில் ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. பிறகு அவர் தொடர்ந்தார்.

நாற்பது நிமிடத்தின் கடைசியில், கணவர் தன்னிடம் சொன்ன ஒன்றைச் சொன்னார். படகில் மிஞ்சியிருந்தது அரைப் போத்தல் தண்ணீர். கிழவர் அதை மருமகனிடம் நீட்டியிருக்கிறார்.

“‘நீ குடி தம்பி. எனக்குச் சீனி, குடிச்சா அடிக்கடி ஒண்டுக்கு எழும்போணும். நான் எழும்பி எழும்பி நிண்டா படகு ஆடும், உனக்கு நித்திரை வராது’ எண்டு சொன்னவராம். சொல்லிப்போட்டுச் சிரிச்சவராம் சேர்.”

கடிதத்துக்கு அது தேவையில்லை. அவர் தகப்பனைப் பற்றி என்னிடம் சொன்னவற்றில் எனக்கு மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான்.

கடிதத்தை எழுதி, வாசித்துக் காட்டி, மடித்துக் கொடுத்தேன். அவர் எழும்பியபோது, “அண்டைக்கு நான் உங்களைச் சொல்ல விடேல்லை” என்றேன்.

“ஓம் சேர்” என்றார்.

அவ்வளவுதான். “பரவாயில்லை” என்றோ “உங்களில பிழை இல்லை” என்றோ சொல்லவில்லை. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

பழக்கத்தை முற்றாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் யாராவது தூரத்திலிருந்து ஒரு கதையைத் தொடங்கினால், அதன் முடிவு என் நாக்கின் நுனிக்கு வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் எனக்குத் தெரிந்த அந்த முடிவை விழுங்கிவிட்டு, அவர்கள் சொல்லும் முடிவுக்காக நான் காத்திருக்கிறேன்.