கல்லுமலையில் ஒரு பெரட்டு

என் அண்ணி பாஞ்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் லோரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைமேல் பிரிஞ்சாங்கில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, தாப்பா மலைப்பாதையில் இறங்கி, ஈப்போ சந்தைக்குப் போய்வரும் லோரி அது. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பூசத்துக்கு முன்பு, காய்கறியை இறக்கிவிட்டு அரிசி மூட்டை, அண்டா, பாய் எல்லாம் ஏற்றிக்கொள்வேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் ஈப்போ கல்லுமலை முருகனைப் பார்க்கப் பாதயாத்திரை போவார்கள். சாமான்களோடு நான் பின்னால் ஊர்ந்து வருவேன்.

தோட்டமே திரண்டு அவர்களுக்கு மாலை போட்டு அனுப்பும். திரும்பி வந்தபின் ஒரு மாதத்துக்குத் தங்கள் கால்வலியைக் கதை கதையாய்ச் சொல்வார்கள், கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கம்பாரைத் தாண்டி வெயில் ஏறியதும் அந்தப் பக்தகோடிகளில் பாதிப் பேர் என் லோரித் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார்கள். ஈப்போ எல்லை வந்ததும் இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடப்பார்கள். யாத்திரைத் தலைவர் ஆண்டியப்பன் கங்காணிக்கு மட்டும் தார்ப்பாய் மரியாதைக் குறைவு. அவருக்கு என் பக்கத்து சீட்டு. மனிதர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, இனிச் சொன்னால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

அண்ணி என் அண்ணன் நல்லுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஃபாக்டரியில் தேயிலை காய வைக்கிற வேலை, அதிகம் பேசாத ஆள். இரண்டு பேருக்குமான பேச்சையும் அண்ணியே பேசிவிடுவார். கொழுந்து எடுப்பதில் அவர் கைக்கு எங்கள் தோட்டத்தில் ஈடு கிடையாது. சரிவில் மற்றவர்கள் தட்டுத் தடுமாறும்போது, முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். பாட்டு சகிக்காது, அது வேறு விஷயம்.

எழுபத்தேழாம் வருடக் கடைசியில், கோயில் கூட்டத்தில், பெண்கள் வரிசையிலிருந்து அண்ணி எழுந்து நின்றார். இந்தத் தடவை பொம்பளைகளும் யாத்திரைக்கு நடக்கப் போகிறோம் என்றார். கூட்டம் சிரித்தது. கங்காணி சிரிக்காமல், என்ன வேண்டுதல் என்று கேட்டார். பிள்ளை வரமா, நோயா, புருஷன் குடியா?

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க, கங்காணி," என்றார் அண்ணி. "நான் இந்த மலையில நடந்த நடைய நீட்டிப் போட்டா இந்தியாவுக்கே போய்ச் சேந்திருப்பேன். ஆனா காலையில எங்க கெளம்புறனோ சாயங்காலம் அங்கதான் நிக்கிறேன். ஒரு தடவையாச்சும் போய்ச் சேர்ற மாதிரி நடக்கணும்."

கங்காணி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். பெண்கள் தனியாக ஒரு குழுவாக நடக்கட்டும். பூசத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் கல்லுமலைக்குக் கால்நடையாக வந்து சேர வேண்டும். ஒருத்தி வண்டியில் ஏறினாலும் சரி, இந்தத் தோட்டத்தில் பெண்கள் யாத்திரை அன்றோடு முடிந்தது, பிறகு எவளும் கேட்கக் கூடாது. கண்காணிப்புக்கு லோரி இந்த முறை பெண்களுக்குப் பின்னாலேயே வரும்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பெண்களுக்குக் கண்ணி வைக்கப் போய், மனிதர் தன் சீட்டையே தொலைத்துவிட்டார்.

தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்க அண்ணியே ஆபீஸுக்குப் போனார். பனிக்காலத்தில் கொழுந்து குறைவுதான், போய்வாருங்கள் என்று துரை சுலபமாக விட்டுவிட்டார். பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாரிலும் மூத்தவர் வடிவம்மாள். இளையவள் நீலாவதி, வாய்த்துடுக்குக்காரி. விடியலில் எங்கள் மலைக்குளிர் எலும்பில் இறங்கும். எல்லாரும் தலையில் துண்டும் உடம்பில் சுவெட்டருமாகப் புறப்பட்டார்கள். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு சுவெட்டராகக் கழன்று என் லோரியில் விழுந்தது. தாப்பா வருவதற்குள் என் பக்கத்து சீட்டில் ஒரு துணிக்கடையே சேர்ந்துவிட்டது.

மலைக்காரர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள், இறக்கத்தை மதிக்க மாட்டார்கள். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதை முட்டியைத் தின்றுவிடும். விரல்கள் செருப்பின் முனையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாளே அண்ணியின் வலது கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்தார். எனக்கே அது கடைசி நாளில்தான் தெரியும்.

தாப்பாவில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். விடியும் முன் கண் விழித்த நான், வாசலில் கண்ட காட்சியை இன்றுவரை மறக்கவில்லை. பதினோரு பேரும் முகம் கழுவி, தலையில் துண்டு கட்டி, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எதற்கோ காத்திருந்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது பெரட்டு நேரம். தோட்டத்தில் தினமும் அந்த நேரத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார், இருக்கேன் என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. இத்தனை வருடப் பழக்கம், கால்கள் தாமாகவே எழுந்து வந்து வரிசையில் நின்றுவிட்டன.

முதலில் நீலாவதி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வடிவம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வெறும் சிரிப்புத் தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணி மட்டும் ஏதோ யோசனையோடு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரவு கம்பாருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கினார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் வெந்நீர் போட்டு, உப்புக் கரைத்து, இவர்கள் கால்களை அதில் வைக்கச் சொன்னார்கள். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டார்கள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அவர்களே பரிமாறினார்கள். ஒரு கை கொடுக்கலாம் என்று எழுந்த வடிவம்மாளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டியாயிற்று, தான் சமைக்காத சோற்றைக் கல்யாண வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை என்றார் அவர். அந்தத் தோட்டத்துப் பெண்களைப் பிறகு எந்த ஊரில் பார்த்தாலும் நான் லோரியை நிறுத்தாமல் போனதில்லை. மறுநாள் காலையில் யாரும் பெரட்டுக்கு எழவில்லை. வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் விழும்வரை தூங்கினார்கள். நானும் எழுப்பவில்லை.

கோப்பெங்குக்கு முன்னால்தான் அந்த பஸ் எங்களைத் தாண்டியது. கம்பாரிலிருந்து ஈப்போ போகும் பஸ். ஜன்னலோரம் ஒரு தலை சட்டென்று குனிந்தது. குனிந்தால் கங்காணியின் வழுக்கை தெரியாதா? பின் சீட்டுகளில் இன்னும் நான்கைந்து மாலை போட்ட கழுத்துகள். எனக்கு ரத்தம் கொதித்தது. லோரியை நிறுத்திக் கீழே குதித்து, கல்லுமலையில் அத்தனை சனத்துக்கு முன்னால் அந்த ஆளின் மானத்தை வாங்காமல் விடப்போவதில்லை என்று கத்தினேன். அண்ணியும் பஸ்ஸைப் பார்த்திருந்தார்.

"நீ வாயத் தொறக்கக் கூடாது, காளிமுத்து," என்றார். "நாங்க எங்க காலால ஜெயிக்கணும். உன் வாயால ஜெயிக்க வேணாம்."

அவர் பேச்சை நான் மீறியதில்லை. ஆனால் அன்று அந்தப் பேச்சை விழுங்குவது வேப்பங்காயை விழுங்குவது போல இருந்தது.

கடைசி நாள், சிம்பாங் பூலாய்க்கு முன்னால், அண்ணியின் நடை விழுந்தது. இரண்டு பக்கமும் ஈயம் தோண்டிய குட்டைகள், தூரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள், நிழல் என்பது பேருக்கும் இல்லை. தார் ரோடு கொதித்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து முன்னால் போகச் சொன்னார். நின்றால் எல்லாருக்கும் பொழுது போய்விடும், நான் பின்னாலேயே வந்துவிடுவேன் என்றார். அவர்கள் தயங்கினார்கள். அதட்டினார். போனார்கள்.

மேலும் கொஞ்ச தூரம் நடந்தவர் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். துணியை அவிழ்த்தபோதுதான் நான் அந்த விரலைப் பார்த்தேன். கதவைத் திறந்து, ஏறிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். யாரும் பார்க்கவில்லை என்றேன், ஆண்கள் எல்லாம் ஏறவில்லையா என்றேன். கடைசியில் கோபம் வந்து, கால் போனால் முருகனா கொண்டுவந்து தருவார் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அண்ணி காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. எழுந்து பார்த்தார், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தார். இந்த ஒரு காலால் மற்ற பத்துப் பேர் நடந்ததும் வீணாகப் போகிறது, இனி எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளை எவளும் கல்லுமலைக்கு நடக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அதுவரை நான் பார்த்திராத அழுகையை அன்று பார்த்தேன். சத்தமில்லாமல், ரோட்டைப் பார்த்தபடி அழுதார்.

அந்த ரோட்டின் கோடியில் தலைத்துண்டுகள் தெரிந்தன. எதிர்ப்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள், பத்துப் பேரும். சிம்பாங் பூலாய் வரை போனவர்கள், அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள்.

கொழுந்துக் காட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நெரை, அதாவது செடிவரிசை. ஒருத்தி பின்தங்கினால், முடித்தவர்கள் கூடையை வைத்துவிட்டு நிற்க மாட்டார்கள். அவள் நெரையின் மேல்கோடியிலிருந்து இறங்கி, அவளை நோக்கி எடுத்துக்கொண்டே வருவார்கள். இரண்டு பக்கமும் சந்திக்கிற இடத்தில் நெரை முடியும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து மலையிறங்குவார்கள். அதைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை, சட்டமும் இல்லை.

"அக்கா," என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டாள் நீலாவதி. "ஒங்க நெரைக்கு ஆள் வந்தாச்சு லா."

வடிவம்மாள் லோரிக் கதவைத் திறந்தார். அங்கே குவிந்து கிடந்தவற்றில் தன் சிவப்பு சுவெட்டரை இழுத்தார். என் காய்கறிக் கத்தியால் அதன் ஒரு கையை அறுத்து, அண்ணியின் காலில் உறை மாதிரி ஏற்றி, கணுக்காலில் கட்டினார். இன்னொரு கையை மடித்துப் பாதத்துக்கு அடியில் வைத்தார். அண்ணி எழுந்து வடிவம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் நீலாவதி. தோள் பிடித்து நடப்பதும் நடப்பதுதானே, வண்டி இல்லையே என்று யாரோ கேட்டார்கள். நான்தான் உரக்கச் சொன்னேன், நடப்பதுதான் என்று. தோள் மாற்றி மாற்றி நடந்தார்கள். நான் முதல் கியரில் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் ஹார்ன் அடித்தவனையெல்லாம் தமிழிலும் மலாயிலும் திட்டினேன். அந்தப் பதினோரு பேரை என் தோட்டத்துக்காரர்கள் என்று ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது கல்லுமலை வாசலுக்கு வந்துவிட்டோம். காவடிச் சத்தத்துக்கு நடுவில், தோய்த்து மடித்த வேட்டியில் ஆண்டியப்பன் கங்காணி நின்றிருந்தார். பாதத்தில் தூசி இல்லை. அவர் பார்வை முதலில் என்மேல் விழுந்தது, பிறகு அண்ணியின் சிவப்புக் கம்பளிக் காலில் விழுந்தது. என் நாக்கு நமநமத்தது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி பெண்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார். தாப்பாவில் நின்றார்களே, அதே வரிசை. கடைசியில் தானும் போய் நின்றார், யார் தோளையும் பிடிக்காமல்.

"பெரட்டு எடுங்க, கங்காணி," என்றார். "ஆள் கொறையுதான்னு பாருங்க."

சுற்றி நின்ற எங்கள் தோட்டத்து ஆண்கள் நெருங்கி வந்தார்கள். கங்காணிக்கு ஆள்பெயர் எழுதிய செக்ரோல் புத்தகம் தேவையில்லை, எல்லாப் பெயரும் மனப்பாடம். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, கூப்பிட ஆரம்பித்தார். வடிவம்மாள். இருக்கேன். நீலாவதி. இருக்கேன். பெயருக்குப் பெயர் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. பத்துப் பெயர் முடிந்தது. பதினோராவது பெயருக்கு முன் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் சுத்தமான பாதங்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"பாஞ்சாலை."

"வந்து சேந்துட்டேன்," என்றார் அண்ணி.

எண்பத்தேழு வரை வருடம் தவறாமல் அவர் தலைமையில் பெண்கள் நடந்தார்கள். வடிவம்மாள் அந்தக் கை இல்லாத சுவெட்டரைத் தைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் புறப்படுவார். ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது அந்த முதல் நடைக்கு அடுத்த வருடத்தைத்தான். ஆண்டியப்பன் கங்காணி ஆண்கள் வரிசையை விட்டுவிட்டு, பெண்களுக்குப் பின்னால், கடைசி ஆளாகக் கல்லுமலை வரை நடந்தார். கம்பார் தாண்டி வெயில் ஏறியபோது நான் வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்தேன், கொஞ்சம் குசும்பாகத்தான். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அந்த வருடம் என் லோரியில் ஈப்போ வரை ஏறி வந்தது அரிசியும் அண்டாவும் மட்டும்தான்.