கலியமூர்த்தி சாரின் குரலும் ஒரு மதர்போர்டும்

கல்லூரி வேலைக்குப் போகக் காலாப்பட்டு நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போது கணினிக் கடை சலீம் பாய் கைபேசியில் அழைத்தார். "கலி சார் தவறிட்டாரு தம்பி. காலைல ஆறு மணிக்கு. நீ அங்கயே நில்லு, நான் வண்டி எடுத்துக்கினு வரேன்" என்றார். எதிர்பார்த்த செய்திதான். மருத்துவர்கள் கைவிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது யார்மேல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திரு. கலியமூர்த்தி அவர்கள் எங்கள் கல்லூரிக் கணினிக்கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளர். அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸ் தவிர வேறெந்த இயங்குதளத்தையும் அவர் தொடமாட்டார். "உள்ள இன்னா இருக்குதுன்னு காட்டாத பொருள நான் வூட்ல வைக்க மாட்டேன்" என்பார். பிரஷர் குக்கருக்கும் அதே சட்டமா சார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். அறுவைக்கு முந்தைய வாரம், கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றையும் தம் குரலில் பதிவு செய்தார். தட்டச்சு செய்வதை அந்த ஒலிகளைக் கோத்துப் பேசும் நிரலையும் அவரே எழுதினார். எங்களுக்கெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டினால் போதும். ஆனால் அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் பிறந்தவர், எழுத்து படிக்கத் தெரியாதவர். அவரோடு பேச சாருக்கு வேறு வழி கிடையாது.

அறுவை முடிந்து வீடு திரும்பியதும் கணினி பேசியது. துண்டு துண்டாகத்தான் பேசியது, ஆனால் அவர் குரல். 'ஞ்' பதிவான நேரத்தில் வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்திருந்தது. அதனால் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் ஹாரனும் கூடவே வரும். "பஸ்ஸுல இருந்து கூப்புடுறாரு பாரு" என்று அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்துக் கணினி படுத்துவிட்டது.

ஹார்டு டிஸ்க்கில் குரல் பத்திரமாக இருந்தது. போர்டு மட்டும் மாற்ற வேண்டும். வைத்தியம் தின்றதுபோக மிஞ்சிய பணத்தில், பழைய பிராசஸரும் பழைய மெமரியும் பொருந்துகிற மலிவான போர்டாக வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் சலீம் பாய் கடைக்குப் போனோம். சார் வழக்கம்போல் லினக்ஸ் குறுந்தகட்டோடு வந்திருந்தார். கடையிலேயே அதைப் போட்டு ஓடவிட்டு, போர்டிலுள்ள ஒவ்வொரு சிப்பின் பெயரும் திரையில் வருகிறதா என்று பார்த்து நோட்டில் டிக் போடுவார். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க சார்" என்றார் பாய்.

முதல் போர்டின் திரைச் சிப்பை இயக்க, உள்ளே பார்க்க முடியாத கம்பெனி நிரல், அதாவது மூடிய டிரைவர் வேண்டும். சார் தலையை ஆட்டி ஒதுக்கினார். இரண்டாவது யாரோ பயன்படுத்திக் கழித்தது. மூன்றாவது புதியது, விலையும் குறைவு, எல்லாச் சிப்புக்கும் திறந்த டிரைவர் உண்டு. ஒலிச் சிப்பின் பெயரும் வந்தது. டிக் போட்டார். "பக்கத்துக் கடையில ஸ்பீக்கர் இருக்குது, எடுத்தாரட்டுமா, கேட்டே பாத்துடலாம்" என்றார் பாய். எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. "வேணாம் பாய், பேரு வந்துடுச்சில்ல" என்றேன். சாரும் தலையசைத்தார். பெயர் வந்தால் வேலை செய்யும் என்பது எங்களைப் போன்றவர்களின் மூடநம்பிக்கை.

மறுநாள் சார் வீட்டில் போர்டை மாட்டி முடித்ததும் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். சார் அவர் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினார். திரையில் நொடிகள் ஓடின. சத்தம் வரவில்லை. "இன்னும் கூப்புடலயா தம்பி?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

அந்தச் சிப்பைப் புதிய விதமாக இணைத்திருந்தார்கள். டிரைவருக்குப் பெயர் தெரிந்ததே தவிர வழி தெரியவில்லை. சார் அந்த டிரைவரை எழுதுகிற நிரலாளர்களுக்குப் பிழையறிக்கை அனுப்பினார். அடுத்த பதிப்பில் சரியாகும் என்று பதில் வந்தது. நான் தனி ஒலி அட்டை ஒன்று வாங்கிப்போனேன். சார் சிலேட்டில் எழுதினார்: "இதைப் போட்டா எனக்கு மட்டும்தான் சரியாகும். இந்த போர்டு வாங்குன எல்லாருக்கும் சரியாகணும்." இரண்டையும் செய்யலாமே என்றேன். "அட்டை போட்டுட்டா நான் சோம்பேறி ஆயிடுவேன்" என்று எழுதிச் சிரித்தார். என் வீட்டுக் கணினியில் பேசலாம் வாருங்கள் என்றும் கெஞ்சினேன். "என் வூட்ல பேசணும்" என்று எழுதினார். நோய் திரும்பி வந்து மருத்துவர்கள் கைவிரித்த பிறகும் வாரந்தோறும் சோதித்து எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்கா சிலேட்டை வாங்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார்.

நல்லவர், பிடிவாதக்காரர். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட என்மேல் உண்டு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் புதிய பதிப்பு வெளிவந்தது. குறுந்தகட்டில் எடுத்துப்போய், காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின் நிறுவினேன். திரை திறக்கும்போது ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு மணியோசை கேட்டது. சரியாகிவிட்டது. அக்காவின் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. கடைசி வாரத்தில் தட்டியது, ஒரு பக்க அளவு. நான் படிக்கவில்லை. "சார் உங்களுக்குப் பேசி வச்சிருக்காரு. போடட்டுமா அக்கா?" என்றேன்.

அக்கா ஸ்பீக்கரின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"வேணாம் தம்பி. அவரு பேசுனா நான் பதில் சொல்லணும். யாருக்குச் சொல்றது?" என்றார். எழுந்துபோய்ச் சாரின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கணினியின் மேல் போர்த்தினார்.

விடைகொடுங்கள் சார். ஸ்பீக்கர் கொண்டுவர பாய்க்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் அன்று பிடித்த பேருந்து காலாப்பட்டுக்கு அரைமணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.