அது மன்னிப்புக் கடிதம் இல்லை

பட்டாபிராம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அங்கே பிள்ளைகளில் இரண்டு கட்சி. ரயிலில் வருகிறவர்கள் ஒன்று; திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து பள்ளி வேனில் வருகிறவர்கள் மற்றொன்று. கல்லூரிப் பையன்கள் ஒவ்வொரு ரயில் தடத்துக்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு தலைவன் எனச் சேர்ந்து, ரூட்டு, ரூட்டு தல என்று ரயிலில் அடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதையே குட்டியாகச் செய்தார்கள். இதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து, ரயில் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாகவே வெளியே விரட்டுவது. சந்திக்காவிட்டால் சண்டை வராது என்று பிரின்சிபால் நம்பினார். நான் நம்பவில்லை. பொதுவாகவே எனக்கு அந்தப் பழக்கம் குறைவு.

போன வருடம் ஒரு பழைய வெளிநாட்டு நாவலை வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஒரே ஊரில் பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து முறைத்துக்கொள்கிற கதை. பல நாடுகளில் பள்ளியிலேயே படிக்கிறார்கள். பிரின்சிபால் காதுக்கு விஷயம் போனதும் கூப்பிட்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறேனாம். பாடம் முழுவதும் முடித்துவிட்டேன், மிச்சப் பீரியட் என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே முதல் அத்தியாயத்தை ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்தேன்.

புத்தகத்தைக் காட்டுவதற்கு முன் கதையைத் தமிழில் சொன்னேன். இங்கிலீஷ் மிஸ் தமிழில் பேசினாலே பாதி வகுப்பு நிமிர்ந்துவிடும். கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டிய வீடு. அப்பாவுக்கு மண்ணூர்பேட்டையில் லேத்து வேலை. ரயில் கட்சிக்கு அவன்தான் தல. அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவன் கை தூக்கினான்.

"அந்த ஊர்லயும் ரூட்டு கீதா, மிஸ்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். இருக்கிறது என்றேன். அதன் பிறகு அந்தப் பீரியடுக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுத்தேன். ரயில்காரர்கள் வேன்காரர்களாகவும் வேன்காரர்கள் ரயில்காரர்களாகவும் மாறி, 'நான்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்த மொழியும் சரி, பேர் வேண்டாம் என்றேன். தாள்களை ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அது என் முட்டாள்தனம்.

எங்கள் பள்ளியில் சின்ன தள்ளுமுள்ளு என்றாலும் மாணவன் ஒரு முழுத்தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். எல்லாமே 'நான்தான் செய்தேன்' என்று தொடங்கும். அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் எழுதியதாக மட்டும் ஆபீஸ் ஃபைலில் ஐந்து கடிதம் இருந்தது. என் மேஜையில் மேலாக இருந்த தாளும் அப்படித்தான் தொடங்கியது. ஒரு சக ஆசிரியை அதைப் பள்ளியின் நன்மைக்காக ஆபீசில் கொடுத்துவிட்டார். நன்மை செய்ய நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்!

அவன் எழுதியதுதான் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு நான் போனபோது அவன் பிரின்சிபால் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தான். டி.சி. எழுதத் தயாராக இருந்தது. பதினோராம் வகுப்பின் நடுவில் டி.சி. வாங்கினால் அந்த வருடம் போச்சு. அவன் விஷயத்தில் படிப்பே போச்சு. நேராக லேத்துக்குத்தான் போவான். தாளைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

'நான்தான் வேன் கண்ணாடியை உடைத்தேன். நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது வேன் எங்களைத் தாண்டிப் போகும். அப்போது ஒரு பெண் ஜன்னலைச் சாத்துவாள். தினமும் சாத்துவாள். அந்தக் கண்ணாடியைத்தான் உடைத்தேன்.'

முந்தைய மாதம் வேன் மீது யாரோ கல்லடித்தது உண்மை. யார் என்று அதுவரை தெரியவில்லை. ஆனால் இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து வந்து திருவேற்காட்டில் ஃபிளாட் வாங்கிய குடும்பத்துப் பெண், வகுப்பில் முதல் ரேங்க். ஜன்னலைச் சாத்துகிறவளும் அவள்தான். பேர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். ஐந்து நிமிடம் கொடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய், அவளைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். வா என்று சொல்லவில்லை. அவளே எனக்கு முன்னால் நடந்தாள்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள். பிரின்சிபால் அவளைப் பரிவோடு பார்த்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அதே வரிகளை அவர் கண் முன்னால் எழுதிக் காட்டினாள். அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஓ, கதையா? நல்லா கற்பனை பண்ணியிருக்கியேம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் எழுதினா குற்றம், இவ எழுதினா கற்பனையா சார்?" என்றேன். அவர் டி.சி.யைக் கிழித்துப் போட்டார். இனி அந்த நாவல் வகுப்பில் கூடாது என்றார். எழுத்தில் கொடுங்கள், நானும் எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். இன்றுவரை கொடுக்கவில்லை.

அன்று கடைசிப் பீரியடும் என்னுடையது. நாவலையே எடுத்தேன். ரயில் பிள்ளைகளுக்கு மணி அடித்தது. பிறகு வேன் பிள்ளைகளுக்கும் அடித்தது. எல்லோரும் போன பிறகும் அவன் பையை மாட்டிக்கொண்டு என் மேஜையருகே நின்றான்.

"அத நெஜமாவே நான் எழுதியிருந்தா இன்னா ஆயிருக்கும் மிஸ்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வெளியே அனுப்பியிருப்பாங்க" என்றேன்.

"அதான் அன்னிக்கு நான் வெறும் பேப்பர் குடுத்தேன்."

தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இருந்தது, ஒரு எழுத்தும் இல்லாமல். ஐந்து கடிதம் எழுதிய கை. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அந்தத் தாளையே அவனிடம் நீட்டினேன்.

"இப்ப எழுது. கதைன்னு சொல்ல நான் இருக்கேன்."

உட்கார்ந்தான். எழுதினான். வேன்கள் போயின, அவன் ரயிலும் போனது. வகுப்பைப் பூட்ட வந்த வாட்ச்மேன் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். இன்னும் முடியவில்லை, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.