குழாயில் வந்த மூச்சு

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிப்பதில்லை. இது நட்ட நடுப் பகலில், எனக்கே நடந்தது.

நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன். குழாயைக் கண்டால் விளக்காமல் இருக்க முடியாது. பவளப்பாறைத் தீவுக்குப் போன படகிலும், கடலில் மிதந்தபடி மீன் பார்க்க உதவும் ஸ்நார்க்கல் குழாயை வைத்து மகளுக்குப் பாடம்தான்.

"பாப்பா, கண்ணாடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்ச்சுடு. ஆவி படியாது. இந்த ரப்பரை வாயால கவ்விக்கோ. குழாயோட மேல்முனை தண்ணிக்கு வெளியே நிக்கும். முகத்தைக் கவுத்துக்கிட்டே மூச்சு விடலாம்."

"கிளாஸ் ஆரம்பிச்சாச்சு," என்றாள் மனைவி. "அவளுக்கு வீசிங் வரும்ங்க. மூச்சு முட்டினா உடனே தூக்கிடணும்."

"கையை விட மாட்டேன் தாயே!"

விடவில்லை. இருவரும் கைகோத்து மிதந்தோம். கீழே மஞ்சள் மீன்கள், மூளை போல மடிப்பு மடிப்பாகப் பவளம். திடீரென்று பாப்பா தலையைத் தூக்கினாள்.

"அப்பா, குழாய் நாறுது."

"நீ விடுற மூச்சு கொஞ்சம் குழாயிலேயே தங்கிடும்மா. இழுக்கிறப்ப அதுதான் முதல்ல வரும். காலையில பல் தேய்ச்சியா?"

அவள் சிரிக்கவில்லை.

"நான் இழுக்கலைன்னாலும் வருதுப்பா."

உதடு வெளிறியிருந்தது. பயந்துபோய் அவளைப் படகில் ஏற்றி மனைவியிடம் விட்டேன். குழாயில் அடைப்போ என்று சந்தேகம். தொழில் புத்தி. என் குழாயைக் கழற்றிவிட்டு அவளுடையதை வாயில் வைத்து, முகத்தைக் கவிழ்த்தேன்.

ரப்பர் சூடாக இருந்தது. கொழகொழவென்று ஏதோ ஈறில் ஒட்டியது. அழுகிய மீனும் சொத்தைப் பல்லும் சேர்ந்த நாற்றம்.

இழுத்தேன். ஸ்ஸ்ஸ்...

விட்டேன். ஹூ...

மூச்சை நிறுத்தினேன்.

ஸ்ஸ்ஸ்... ஹூ...

என் நாக்கின் நுனியை ஏதோ நக்கியது. மெதுவாக... ருசி பார்ப்பதுபோல.

வாந்தி வந்தது.

குழாய் அதை உறிஞ்சிக் குடித்தது.

எப்படிப் படகேறினேன் என்று தெரியாது. குழாயைப் பார்த்ததும் படகுக்காரர் பின்வாங்கினார்.

"இந்தச் சிவப்புக் குழாய் எப்படி சார் வந்துச்சு?"

"உங்க பெட்டியில எடுத்ததுதான்."

"எங்களுது எல்லாம் நீலம்." அவர் குரல் இறங்கியது. "போன சீசன்ல ஒருத்தர் இங்கதான் கவுந்து மிதந்தார். இது அவர் சொந்தக் குழாய். மூச்சுச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. சரி, பவளம் பாக்குறார்னு விட்டுட்டோம். சாயங்காலம் புரட்டிப் பார்த்தா... காலையிலயே போய்ட்டார் சார். இந்தக் குழாயை எரிச்சதே நான்தான்."

பாப்பா என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, குழாயிலேர்ந்து வழுவழுன்னு ஒண்ணு வாய்க்குள்ள வந்துச்சு. முழுங்கிட்டேன்."

விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தோம். வெறும் கடல்நீர்தான் வந்தது.

அதன்பிறகு அவளுக்கு வீசிங் வரவே இல்லை. மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம். போன வாரம்தான் டாக்டரிடம் காட்டினோம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "கொஞ்சம் மூச்சை அடக்கு பாப்பா," என்றார்.

அடக்கினாள். கன்னம் உப்பியிருந்தது. மூக்கையும் விரலால் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை.

"அடக்குன்னு சொன்னேனேம்மா," என்றார்.